ஏரியில் விழுந்த பொன்னைத் தேட எந்தக் கருவி?

யூலை பிறந்து, ஒன்ராறியோ ஏரியின் நீர் கால் வைக்கக்கூடிய அளவுக்குச் சூடேறியதும், பார்க்டேல் அடுக்குமாடிகளில் ஆறு மாதமாக அடைபட்டுக் கிடந்த குடும்பங்கள் சனி, ஞாயிறுகளில் சன்னிசைட் கரைக்கு இறங்கிவிடுகின்றன. ஜேம்சன் வீதிப் பாலத்தையோ ரொன்செஸ்வேல்ஸ் முனையிலிருந்து இறங்கும் நடைபாலத்தையோ கடந்தால் ஏரி வந்துவிடும். பிள்ளைகள் நீருக்குள் பாய, பின்னால் ஓடிய தாய்மார் கையிற் காப்பும் கழுத்திற் கொடியுமாக முழங்காலளவு நீரில் நிற்பதை அங்கே காணலாம். குளிர்ந்த நீரில் விரல் சிறுக்கும். நேற்றுவரை இறுகியிருந்த மோதிரம் இன்று தானாகக் கழன்றுவிடும். அலைக்குப் பயந்த குழந்தை கழுத்தைக் கட்டிப்பிடித்துத் தொங்கினால் சங்கிலியின் கொக்கி விட்டுவிடும்.

இடப்பெயர்வுகளிலும், எல்லைகளிலும், வாடகை கட்ட வழியின்றி அடகு வைத்த நாட்களிலும் தப்பிவந்த ஒரு தாலிக்கொடி, இடுப்பளவு நீரில் ஒரு நொடியிற் காணாமற் போவதைப் பொன்னின் விலையால் மட்டும் கணக்கிட இயலாது. அதே கரையில், காதில் ஒலிபெருக்கியும் கையில் நீண்ட தண்டுமாக மணலைத் துழாவிக்கொண்டு செல்லும் வெள்ளைக்காரரையும் எம்மவர் பார்க்கின்றனர். "அப்படி ஒன்று வாங்கினால் என்ன?" என்ற எண்ணம் எழுவது இயல்பே. ஆனால் மெற்றல் டிரெக்ரர் என்று கேட்டு ஒருவர் கடைக்குள் நுழைந்தால், இருநூறு டொலரிலிருந்து இரண்டாயிரம் டொலரையும் தாண்டும்வரை கருவிகள் வரிசையாக நிற்கும். எது எமக்குரியது என்று தெரியாதவர், ஒன்றில் நீரில் நனைந்து பழுதாகும் மலிவான ஒன்றை வாங்குவார், அல்லது கடலுக்கென்று செய்யப்பட்ட விலையுயர்ந்த ஒன்றை இந்த நன்னீர் ஏரிக்காக வாங்குவார். இரண்டிலும் நட்டம் குடும்பத்துக்கே.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இக்கருவி ஒரு வருமான வழியன்று. கரையில் நடப்பவர்களைக் கேட்டால், அவர்களின் பைகளில் மிகுதியாக இருப்பவை சோடா மூடியும் ஆணியும் அலுமினியத் துண்டும்தாம். இரவு வேலைக்குப் போய்வந்து, மிச்சமான இரண்டு மணித்தியாலத்தைத் திறந்த வெளியிற் கழிக்க விரும்பும் ஒருவருக்கு இது நல்ல பொழுதுபோக்கு. தொலைந்த நகையைத் தேடுவதற்கு ஒரு துணை. அதற்குமேல் எதிர்பார்த்து அட்டையிற் கடன்பட்டு வாங்குவது புத்தியன்று.

கருவி எப்படி உணர்கின்றது?

தண்டின் நுனியிலுள்ள வட்டத் தட்டுக்குள் செப்புக் கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. ஒரு சுருள் மாறிக்கொண்டேயிருக்கும் காந்தப்புலத்தை மணலுக்குள் அனுப்புகின்றது. அங்கே ஓர் உலோகம் கிடந்தால் அதனுள் சிறு மின்னோட்டம் சுழன்றோடும். அந்த ஓட்டம் தனக்கென ஒரு சிறு காந்தப்புலத்தை எழுப்ப, மற்றச் சுருள் அதை உணர்ந்து ஒலியாக்குகின்றது. பொன்னாயினும் தகரமாயினும் கருவி கேட்பது இந்தச் சுழலோட்டத்தின் குரலைத்தான்.

இது புதிய வித்தையன்று. ஒன்ராறியோவின் பிரான்ற்போர்ட் நகரோடு தொடர்புடையவரும் தொலைபேசியாற் புகழ் பெற்றவருமான அலெக்சாண்டர் கிரகாம் பெல், 1881இல், சுடப்பட்டுக் கிடந்த அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டின் உடலில் தைத்திருந்த குண்டைத் தேடுவதற்கு இத்தகைய கருவியொன்றை எடுத்துச் சென்றார். கட்டில் மெத்தையின் உருக்குக் கம்பிகள் கருவியைக் குழப்பிவிட்டன, குண்டு அகப்படவில்லை. சன்னிசைட் மணலில் ஆணிகளுக்கிடையே மோதிரத்தைத் தேடுபவருக்கு இன்றும் அதே தொல்லைதான்.

இக்கருவியைக் கையிற் கொண்டு நடக்கத்தக்கதாக்கியவர்களில் ஓர் அகதியும் உண்டு. தாய்நாடு வீழ்ந்தபின் பிரித்தானியாவில் அடைக்கலம் புகுந்த போலந்துப் படைப்பிரிவின் பொறியியலாளர் யோசப் கொசாட்ஸ்கி, இரண்டாம் உலகப்போரின்போது ஸ்கொட்லாந்தில் இருந்துகொண்டு கண்ணிவெடி காணும் கருவியொன்றை உருவாக்கினார். 1942இல் எல் அலமெய்ன் போர்க்களத்தில் அது பயன்பட்டது. அவர் காப்புரிமை எதுவும் கேட்கவில்லை. பிரித்தானிய மன்னர் நன்றிக் கடிதம் அனுப்பினார். போலந்தில் சிக்குண்டிருந்த உறவினருக்குத் தீங்கு நேராதிருக்க அவர் பெயர் போர்க்காலத்தில் மறைத்து வைக்கப்பட்டது. சன்னிசைட்டுக்கு இறங்கும் வழியில், ரொன்செஸ்வேல்ஸ் வீதிப் போலந்துக் கடைகளில் பாண் வாங்கும் எம்மவருக்கு இச்செய்தி சுவையாக இருக்கும்.

நன்னீரும் உப்பு நீரும்

கருவி தெரிவு செய்வதில் முதற் கேள்வி "எத்தனை ஆழம் போகும்?" என்பதன்று. "எந்த நீரில் இறங்கப் போகின்றோம்?" என்பதே.

உப்பு நீர் மின்னைக் கடத்தும். ஆகையால் கடற்கரையின் ஈர மணலில் சாதாரணக் கருவியை வைத்தால், உலோகமே இல்லாத இடத்திலும் கடல்நீரே ஒரு மெல்லிய உலோகத் தகடு போலக் குரல் கொடுக்கும். அந்தப் பொய்க்குரல், மெல்லிய பொன் சங்கிலியின் குரலுக்கு மிக அண்மையானது. பொய்யை அடக்கினால் பொன்னும் அடங்கிப்போகும். இதற்காகவே கடற்கரைக் கருவிகள் வேறு முறையிற் செய்யப்படுகின்றன.

ஒன்ராறியோ ஏரியோ நன்னீர். கருவிக்கு அது ஏறக்குறைய இல்லாத பொருள் போன்றது. ஆகவே சன்னிசைட்டிலும், செரி பீச்சிலும், ஸ்காபரோக் குன்றடியில் உள்ள புளவ்வர்ஸ் கரையிலும், ரொறன்ரோத் தீவுகளிலும் தேட விரும்புபவர் கடலுக்கென்று செய்த கருவிக்குக் கூடுதற் பணம் கொடுக்க வேண்டியதில்லை. நீர் உட்புகாத கருவி வேண்டும். உப்பை வெல்லும் கருவி வேண்டியதில்லை. இதை விற்பனையாளர் எல்லோரும் எடுத்துச் சொல்வார் என எதிர்பார்க்க முடியாது.

ஒரு சிறு விலக்கு உண்டு. புயலடித்த மறுநாள் ரொறன்ரோக் கரைகளிற் கரும்பட்டையும் செந்நீலப் பட்டையுமாக மணல் படிந்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். கரியது மக்னரைற் என்னும் இரும்புத்தாது. காந்தத்தைத் துணியிற் சுற்றி இழுத்தால் ஒட்டிக்கொண்டு வரும். இத்தகைய மணலிற் கருவி வீணாக முனகும். மண்ணுக்கேற்பக் கருவியைச் சமன்செய்யும் வசதி இருந்தால் இது பெரிய இடையூறன்று. அவ்வசதி இல்லாத விளையாட்டுக் கருவிகளை வாங்காதீர்கள். பிள்ளைகளின் பிறந்தநாளுக்கென்று பெரிய கடைகளில் விற்கப்படுபவை பெரும்பாலும் இவ்வகை.

மூன்று முறைகள்

கடைகளிற் கேட்கப்படும் பெயர்கள் பல. முறைகள் மூன்றுதான்.

வீ.எல்.எவ். எனப்படும் ஒற்றை மீடிறன் கருவி ஒரே அலைவரிசையில் இயங்குவது. தாழ்ந்த மீடிறன் பெரிய வெள்ளிப் பொருளை ஆழத்தில் நன்றாகக் காணும். பதினைந்து கிலோஹேர்ட்ஸ் அளவிலும் அதற்கு மேலும் இயங்குபவை சிறிய பொன் நகைக்குக் கூர்மையானவை. துருக்கி நாட்டு நொக்ரா நிறுவனம் 2019இல் வெளியிட்ட சிம்ப்ளெக்ஸ் 12 கிலோஹேர்ட்சிலும், அமெரிக்காவின் கறெற் நிறுவனம் 2010இல் வெளியிட்ட ஏ.ரி. புறோ 15 கிலோஹேர்ட்சிலும் இயங்குகின்றன. இரண்டும் மூன்று மீற்றர் ஆழம்வரை முழுமையாக நீரில் அமிழ்த்தக்கூடியவை. மைன்லாப் 2023இல் வெளியிட்ட எக்ஸ்-ரெரா புறோவில் 5, 8, 10, 15 என்று மீடிறனை மாற்றிக்கொள்ளலாம்; ஐந்து மீற்றர்வரை நீர் புகாது. நன்னீரில் இறங்கும் பார்க்டேல் குடும்பத்துக்கு இவ்வகை போதும் என்பதே எமது கருத்து.

அடுத்தது பன் மீடிறன் கருவி. பல அலைவரிசைகளை ஒரே நேரத்தில் அனுப்பி, வரும் விடைகளை ஒப்பிட்டு உப்பின் குரலைக் கழித்துவிடுகின்றது. அவுஸ்திரேலியாவின் மைன்லாப் 2018இல் சந்தைக்குக் கொண்டுவந்த ஈக்குவினொக்ஸ், நொக்ராவின் 2022ஆம் ஆண்டு லெஜென்ட் ஆகியவை இத்தகையவை. கரும்பட்டை மணலிலும் இவை நன்கு நடந்துகொள்ளும். ஆண்டுக்கொரு முறை புளோரிடாவுக்கோ அற்லாந்திக் கரைக்கோ குடும்பத்துடன் போகின்றவர், இரண்டு கருவி வாங்குவதைவிட இதில் ஒன்றை வாங்குவது மேல். மற்றவர்களுக்கு இது ஆசைச் செலவு.

மூன்றாவது பல்ஸ் இன்டக்சன், சுருக்கமாகப் பீ.ஐ. இது வலுவான ஒரு துடிப்பை அனுப்பிவிட்டு, நிறுத்தி, சிறு தாமதத்தின் பின் செவிமடுக்கின்றது. உப்பு நீரின் குரலும் தாது மணலின் குரலும் அந்தத் தாமதத்துக்குள் மடிந்துவிடும். கடலடியில் மூழ்கித் தேடுபவர்கள் விரும்புவது இதையே. கறெற்றின் சீ ஹன்ரர் அறுபது மீற்றர் ஆழத்துக்கும் போகும். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் இரண்டு குறைகள் உண்டு. பொதுவாக இது இரும்பையும் பொன்னையும் வேறுபடுத்திக் காட்டாது. சன்னிசைட் போல மண்ணும் கல்லும் கொட்டி நிரப்பிய கரையில் ஒவ்வோர் ஆணிக்கும் குனிந்து தோண்டவேண்டி வரும். மற்றது, மெல்லிய சங்கிலியின் குரலும் உப்பின் குரலைப் போலவே விரைவில் மடிவதால், நீங்கள் தேடும் பொருளையே இது தவறவிடக்கூடும். ஏரிக்கரைக்குப் பீ.ஐ. வேண்டாம்.

தாலிக்கொடி ஏன் கடினம்?

இங்குதான் வெளிநாட்டு வழிகாட்டி நூல்கள் எமக்கு உதவாமற் போகின்றன. அவை எழுதப்பட்டது பத்து, பதினான்கு கரட் மோதிரங்களைத் தொலைப்பவர்களுக்காக. எமது பெண்கள் அணிவது இருபத்திரண்டு கரட். அதிலும் பெரும்பகுதி சங்கிலி.

மோதிரம் முழு வளையம். அதனுள் மின்னோட்டம் தங்குதடையின்றிச் சுற்றிவரும். ஆகையால் சிறு மோதிரம்கூடப் பெரிதாகக் கத்தும். காப்பும் அவ்வாறே. சங்கிலி அப்படியன்று. ஒவ்வொரு கண்ணியும் தனித்தனிச் சிறு வளையம். கண்ணிக்குக் கண்ணி தொடுகை மிகச் சிறியது. மூன்று பவுண் சங்கிலி என்று நாம் எண்ணுவதைக் கருவி ஒரு நெற்மணி அளவான கண்ணியாகவே கேட்கின்றது. சில வேளைகளில் கொக்கியை மட்டுமே கேட்கும். மெல்லிய சங்கிலி சில அங்குல ஆழத்துக்குப் போனாலே பல கருவிகளுக்கு எட்டாது. யாழ்ப்பாணத்து முறையிற் செய்த தடித்த தாலிக்கொடி இதைவிட நல்ல குரல் தரும்; அதில் கோத்த தாலியும் பவுண் காசும் இன்னும் தெளிவாகப் பேசும். பவுண் காசு கோத்த கொடியை ஒரு சாண் ஆழத்திலும் நம்பித் தேடலாம். வெறும் மெல்லிய சங்கிலியை அவ்வாறு நம்ப முடியாது.

இன்னொரு தந்திரமும் தெரிந்திருக்க வேண்டும். கருவிகளில் குப்பையை ஒதுக்கும் வடிகட்டல் வசதி உண்டு. அலுமினியத் தாள், ரின் மூடியின் வளையம் ஆகியவற்றின் குரலை மௌனமாக்கிவிட்டு நிம்மதியாக நடக்கலாம் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. ஆனால் சிறு பொன் நகையின் குரலும் அலுமினியத் துண்டின் குரலும் ஒரே வரிசையில் நிற்பவை. குப்பையை முழுதும் ஒதுக்கிய கருவி பொன்னையும் ஒதுக்கிவிட்டது என்று கொள்க. பொன் தேடுபவர் இரும்பை மட்டும் ஒதுக்கலாம். மற்றதெல்லாவற்றையும் தோண்டத்தான் வேண்டும்.

ஆகவே கடைக்குப் போகும்போது உங்கள் நகையைக் கொண்டுபோங்கள். விற்பனையாளர் நீட்டும் அமெரிக்க நாணயத்தை வைத்துக் கருவியைச் சோதிக்க வேண்டாம். ஆணியில்லாத மரப்பலகையில் கொடியை வைத்து, தட்டை அதற்கு மேலால் மெல்ல அசைத்து, எத்தனை அங்குல உயரத்தில் ஒலி மறைகின்றது என்று பாருங்கள். அடுத்துக் கொடியை நீட்டியும் குவித்தும் வைத்துக் கேளுங்கள். திரையில் வரும் இலக்கத்தை ஒரு தாளிற் குறித்துக்கொள்ளுங்கள். காப்புக்கு எந்த இலக்கம், மோதிரத்துக்கு எந்த இலக்கம், பிள்ளையின் பஞ்சாயுதத்துக்கு எந்த இலக்கம் என்பது வீட்டில் எழுதி வைத்திருக்க வேண்டியது. ஒரு பெண் தன் நகையின் இலக்கத்தை அறிந்திருந்தால், தொலைந்த அன்று எந்த ஒலிக்குக் குனிவது என்ற மயக்கம் வராது. இந்தச் சோதனைக்கு இடங்கொடாத கடையில் வாங்காதீர்கள். அடுக்குமாடி வீட்டுக்குள் சோதிக்க முயல்வதும் வீண். சுவருக்குள் ஓடும் மின்கம்பிகளும் தொலைக்காட்சியும் கருவியைப் பேய் பிடித்ததுபோலக் கத்தவைக்கும்.

நாணயங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல கருவிகளின் திரையில் அச்சிட்டிருப்பது அமெரிக்க நாணய வரிசை. கனடியச் சில்லறை 2000ஆம் ஆண்டளவிலிருந்தும், ஒரு டொலர், இரண்டு டொலர் நாணயங்கள் 2012இலிருந்தும் முலாம் பூசிய உருக்கு. சில கருவிகள் இவற்றை இரும்பென்று தள்ளிவிடும். சிலவற்றில் இலக்கம் தாறுமாறாகத் துள்ளும். பழைய நாணயம் வேறு. 1967க்கு முற்பட்ட பத்துச் சத, இருபத்தைந்து சத நாணயங்களில் குறைந்தது எண்பது வீதம் வெள்ளி. 1922 முதல் 1955 வரை சன்னிசைட்டில் பெரும் கேளிக்கைப் பூங்கா ஒன்று இயங்கியது. இன்றுள்ள குளியல் மண்டபமும் 1922இல் திறக்கப்பட்டதே. கார்டினர் பெருஞ்சாலைக்காகப் பூங்காவை இடித்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் யாரோ ஒரு பிள்ளையின் கையிலிருந்து விழுந்த வெள்ளிக்காசு இன்றும் அகப்படலாம். அது அகப்படும் அன்று, தோண்டிய ஆணிகளெல்லாம் மறந்துபோகும்.

"நீர் புகாது" என்றால் என்ன?

இச்சொல்லிலேயே பலர் ஏமாறுகின்றனர். சில கருவிகளில் தட்டு மட்டுமே நீர் புகாதது. மின்கலமும் திரையும் உள்ள மேற்பெட்டி மழைத்துளியையே தாங்காது. கறெற்றின் ஏஸ் வரிசை, மைன்லாப்பின் வன்குவிஷ் வரிசை ஆகியவை இத்தகையவை. கரையிலும் கணுக்கால் நீரிலும் நடப்பவருக்கு இவை குறைந்த செலவில் நல்ல கருவிகள். ஆனால் குனிந்து தோண்டும்போது ஓர் அலை அடித்தால் கருவியின் கதை முடிந்தது. முழங்காலுக்கு மேல் இறங்க எண்ணுபவர், பெட்டியும் நீர் புகாதது என்று எழுத்தில் உள்ளதை, எத்தனை மீற்றர் என்ற கணக்கோடு பார்த்தே வாங்க வேண்டும்.

கம்பியில்லாக் காதொலிக் கருவி கரையிற் சுகமானது. நீருக்குள் தலையை வைப்பவருக்கு அது பயன்படாது. அந்த அலை நீரைக் கடந்து செல்லாது. கம்பியோடு கூடிய, நீர் புகாக் காதொலிக் கருவி வேண்டும். தட்டு எட்டு முதல் பதினொரு அங்குலம்வரை இருந்தால் போதும். பெரிய தட்டு ஆழம் போகும் என்பது மெய். ஆனால் குப்பை நிறைந்த இடத்தில் மூன்று ஆணியையும் ஒரு மோதிரத்தையும் ஒன்றாகக் கேட்டுக் குழம்பும். நீருக்குள் அதைத் தள்ளி இழுப்பது தோளுக்கும் வேதனை.

கருவிக்கே காசெல்லாம் போய், தோண்டும் அகப்பைக்கு மிச்சமில்லாமற் போவதுண்டு. நீருக்குள் இருப்பதைக் கையால் எடுக்க முடியாது, கிளறியவுடன் கலங்கிவிடும். துளையிட்ட, நீண்ட பிடியுள்ள, துருப்பிடியா உருக்கு அகப்பை இன்றியமையாதது. கரை மணலுக்குப் பிளாஸ்ரிக் சல்லடை அகப்பை போதும். விரலளவில் இடங்காட்டும் கைக்கருவி ஒன்றும் இருந்தால் தோண்டும் நேரம் பாதியாகும். கறெற்றின் செம்மஞ்சள் நிறக் கைக்கருவி நீருக்குள்ளும் இயங்கும். இதற்கும் மைன்லாப் கருவிகளுக்கும் போலிகள் உலாவுவதால், அரைவிலை என்று கண்டால் வாங்காமல் விடுவது நல்லது. பழைய கருவி வாங்குவோர், ரெசோரோ நிறுவனம் 2018இலும் வைற்ஸ் நிறுவனம் 2020இலும் மூடப்பட்டுவிட்டன என்பதை மனதில் வைக்க வேண்டும்; கருவி நல்லதாயிருந்தாலும் உதிரிப்பாகம் தேடி அலைய நேரும். மின்கல அறையைத் திறந்து பச்சைக்களிம்பு உள்ளதா, தட்டுக்குப் போகும் வடம் வெடித்துள்ளதா என்று பார்க்காமற் காசைக் கொடுக்காதீர்கள்.

நீரைப் பற்றி

ஒன்ராறியோ ஏரி குளமன்று. கோடையிலும் காற்று மாறினால் ஒரே நாளில் நீர் கடுங்குளிராகிவிடும். நெஞ்சுவரை இறங்கும் இறப்பர் காற்சட்டைக்குள் நீர் புகுந்தால் எழுந்து நிற்கவே முடியாது. இடுப்புப் பட்டி கட்டாமல் அதை அணிந்து இறங்குவது உயிரோடு விளையாடுவது. நீந்தத் தெரியாதவர்கள் இடுப்புக்கு மேல் இறங்க வேண்டாம். தனியாக ஒருவரும் இறங்க வேண்டாம். கண்ணாடித் துண்டுக்கும் ஊசிக்கும் கையுறை, தடித்த காலணி அவசியம். பெருமழைக்குப் பின் ஹம்பர் ஆறும் கழிவு வாய்க்கால்களும் கொண்டுவரும் அழுக்கால் சன்னிசைட் நீர் கெட்டுவிடும். கோடையில் மாநகரசபை நாள்தோறும் நீரைச் சோதித்து, நூறு மில்லிலீற்றரில் ஈ-கோலைக் கிருமி நூறுக்கு மேற்பட்டால் குளிக்க வேண்டாமென்று அறிவிக்கின்றது. குளிக்கக்கூடாத நீர் தேடவும் கூடாத நீரே.

சட்டமும் நாகரிகமும்

வேலை அனுமதிக்கும் நிரந்தர வதிவிடத்துக்கும் காத்திருப்பவர்கள் எம்மில் உள்ளனர். அற்பக் காரணத்துக்காக ஓர் அதிகாரியின் முன் நிற்க எவரும் விரும்பார். ஆகவே பூங்காவில் தேடுமுன் மாநகரசபையின் 311 இலக்கத்தில் அழைத்து, அந்த இடத்தில் இக்கருவிக்கு அனுமதி உண்டா என்று கேளுங்கள். மாகாண, தேசியப் பூங்காக்களுக்கு வேறு விதிகள். வாயிலிலேயே கேட்க வேண்டும். ஒன்ராறியோ மரபுரிமைச் சட்டத்தின்படி, தொல்லியல் இடமொன்றைக் கிளறுவதற்கோ அங்குள்ள தொல்பொருளை எடுப்பதற்கோ உரிமம் வேண்டும். நீரடியில் உள்ள இடங்களுக்கும் இது பொருந்தும். தோண்டிய குழியை மூடிவிட்டு நகருங்கள். மறுநாள் ஓடிவரும் பிள்ளையின் கால் அதில் முறியக்கூடும்.

பெயர் பொறித்த மோதிரம் அகப்பட்டால் அது உங்களுடையதன்று. 1722இல் இங்கிலாந்தில், புகைபோக்கி துடைக்கும் சிறுவன் ஒருவன் கண்டெடுத்த நகையைப் பொற்கொல்லர் பிடுங்கிக்கொள்ள, உண்மை உரியவரைத் தவிர மற்றெல்லோரிலும் கண்டெடுத்தவனுக்கே உரிமை மேலானது என்று நீதிமன்றம் தீர்த்தது. "உரியவரைத் தவிர" என்ற அந்தச் சொற்கள்தாம் முக்கியம். பொலிசாரிடம் அறிவித்துப் பற்றுச்சீட்டுப் பெறுவதே பாதுகாப்பானது.

ஊருக்குக் கொண்டுபோகலாமா?

இந்தக் கேள்வியைச் சிலர் மெதுவான குரலிற் கேட்கின்றனர். வெளிக்கிடுமுன் வளவிற் புதைத்த நகை, கிணற்றில் இட்ட பெட்டி, கரையில் மணலுள் மறைத்த பொதி என்று பல குடும்பங்களின் நினைவில் ஓர் இடம் இருக்கின்றது. அந்த நினைவை நாம் இலேசாக எடுக்கவில்லை. ஆனால் விடை, வேண்டாம் என்பதே.

முதலாவது, உயிர். யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களில் ஹலோ டிரஸ்ட் போன்ற அமைப்புகள் 2002ஆம் ஆண்டு முதல் கண்ணிவெடி அகற்றி வருகின்றன; போரில் கணவரை இழந்த எமது பெண்கள் பலர் முழந்தாளிட்டு, அங்குலம் அங்குலமாக, இதே வகைக் கருவியோடு அவ்வேலையைச் செய்கின்றனர். அவர்கள் அணியும் கவசமும் பெற்ற பயிற்சியும் இன்றி, ஒலி கேட்ட இடத்தில் அகப்பையை இறக்குவது எத்தகைய செயல் என்று விளக்க வேண்டியதில்லை. ஏரியில் ஒலி கேட்டால் தோண்டு என்பது விதி. அங்கே ஒலி கேட்டால் அசையாதே என்பது விதி.

இரண்டாவது, சட்டம். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்கீழ், மண்ணுக்குள் கிடக்கும் பழம்பொருள் அரசுக்குரியது. உரிமமின்றித் தோண்டுவது குற்றம். புதையல் தேடினார்கள் என்று கருவியும் கையுமாகப் பிடிபட்டவர்களின் செய்தி இலங்கைப் பத்திரிகைகளில் அடிக்கடி வருகின்றது. பாட்டியின் அட்டியலைத்தான் தேடினேன் என்று சொல்லி நிரூபிப்பது எளிதன்று. மூன்றாவது, கருவி. இங்கே நன்றாக உழைத்த ஒற்றை மீடிறன் கருவி அங்கே உப்பு மணலில் ஓயாது கத்தும். இல்மனைற் தாது செறிந்த புல்மோட்டைக் கரையில் அதைத் திறக்கவே தேவையில்லை.

தொலைந்த அன்று

நகை தொலைந்தது தெரிந்தவுடன் நின்ற இடத்தை விட்டு நகராதீர்கள். கரையிற் கண்ணுக்குத் தெரியும் இரண்டு பொருள்களை, ஒன்று நேரே முன்னாலும் மற்றது பக்கவாட்டிலும் இருக்குமாறு, குறித்துக்கொள்ளுங்கள். குளியல் மண்டபத்தின் வளைவும் ஒரு விளக்குக் கம்பமும் போதும். கரைக்கு வந்தபின் கைத்தொலைபேசியில் அத்திசையைப் படமெடுங்கள். காலால் துழாவ வேண்டாம். துழாவினால் நகை புதையும். இருபத்திரண்டு கரட் பொன் மணலைப்போல ஆறு மடங்குக்கும் மேலான அடர்த்தி கொண்டது. அலை மணலை அசைக்கும்தோறும் அது கீழே இறங்கி, களியோ கல்லோ தடுக்கும்வரை போய்க்கொண்டேயிருக்கும். பக்கவாட்டில் அவ்வளவாக ஓடாது. ஆகவே நீங்கள் நின்ற இடமே தேடவேண்டிய இடம்.

கருவி இல்லாதவர்கள் அதற்காகவே ஒன்றை வாங்க ஓடவும் வேண்டியதில்லை. தொலைந்த மோதிரங்களைத் தேடிக்கொடுப்பதையே வேலையாகக் கொண்ட பழகிய கைகள் பல உள்ளன. வன்கூவரில் தொடங்கிய த றிங் பைன்டர்ஸ் என்னும் தொடர்பமைப்பின் மூலம் ரொறன்ரோப் பகுதியில் உள்ளவர்களைத் தேடிப் பிடிக்கலாம். கட்டணத்தை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அவரிடம் உங்கள் தாளைக் கொடுங்கள்: கொடியின் நீளம், எத்தனை பவுண், காசு கோத்ததா, கருவியிற் கேட்ட இலக்கம் என்ன, எத்தனை மணிக்கு, எவ்வளவு ஆழ நீரில். அன்றைக்கோ மறுநாளோ அவர் இறங்க வேண்டும். தென்மேற்குக் காற்று ஒருமுறை பலமாக அடித்து அலை எழுந்துவிட்டால், ஒரு சாண் மணல் இரண்டு சாணாகிவிடும்.